அப்பப்பா ஏறின விமானம், 1/144 அளவில்

உங்கட அப்பாவும் அம்மாவும் இந்த நாட்டுக்கு எந்த விமானத்தில் வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? ஆண்டு தெரிந்திருக்கும். மாதமும் தெரிந்திருக்கலாம். "குளிர் எண்டால் அப்பிடி ஒரு குளிர், சுவெட்டரும் இல்லை" என்ற கதையை நூறு தரம் கேட்டிருப்பீர்கள். ஆனால் விமானம்? எங்கே மாறினார்கள், பெரிய ஜம்போவா சின்னதா, யன்னல் பக்கமா நடுவிலா? நான் கேட்டுப் பார்த்த நண்பர்களில் அரைவாசிப் பேருக்கு மேல் தெரியவில்லை. எனக்கும் தெரியாது. இத்தனைக்கும் நானும் அந்த விமானத்தில் வந்தவன்தான். அப்போது எனக்கு இரண்டு வயது.

இந்தக் கேள்வியை எங்கட வீட்டுக்குள் கொண்டு வந்தது ஒரு பிளாஸ்டிக் கிட்.

நாங்கள் இருப்பது புக்கெகோஹியில். ஆக்லாந்தின் தெற்கு ஓரம். எரிமலை தந்த சிவந்த மண், வெங்காயத் தோட்டம், உருளைக்கிழங்குத் தோட்டம். அப்பா ஓய்வெடுத்த பிறகு எங்களோடு வந்து இருக்கச் சம்மதித்ததற்கு இந்த மண்ணும் வெங்காயமும்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். சுன்னாகத்து ஆளுக்கு வேறென்ன வேணும்? இரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு யூலைப் பள்ளி விடுமுறை, விடாத மழை. அப்போது மகளுக்கு எட்டு வயது. ஐபேடை விட்டுவிட்டுக் கையால் ஏதாவது செய்யட்டும் என்று ஒரு விமான கிட் வாங்கி வந்தேன். நானும் மென்பொருள் எழுதுகிற ஆள். நாள் முழுக்கத் திரையில்தான் வேலை. பின்னேரம் கையில் பிடித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் அந்தப் பெட்டி அவளுக்கு மட்டும் வாங்கினது என்று சொல்ல முடியாது.

அளவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பொழுதுபோக்கின் உயிர் அங்கேதான் இருக்கு. பயணிகள் விமான மாடல்களில் மிகப் பரவலான அளவு 1/144. பழைய பிரிட்டிஷ் கணக்கில், மாடலில் ஒரு அங்குலம் என்றால் நிஜ விமானத்தில் 12 அடி. 12ஐ 12ஆல் பெருக்கினால் 144, அவ்வளவுதான். போயிங் 747-200 நிஜத்தில் சுமார் 70.7 மீற்றர் நீளம். மாடலில் 49 சென்ரிமீற்றர், புத்தக அலுமாரித் தட்டில் நிற்கும். போர் விமானங்களை 1/72, 1/48, இன்னும் பெரிதாகவும் செய்வார்கள். நியூசிலாந்திலேயே விங்நட் விங்ஸ் என்று ஒரு கம்பெனி இருந்தது. திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனுடையது. முதலாம் உலகப் போர் விமானங்களை 1/32 அளவில் மிக நுணுக்கமாய்ச் செய்தார்கள், 2020இல் மூடிவிட்டார்கள். பயணிகள் விமானத்தை அந்த அளவில் செய்தால் இரண்டு மீற்றருக்கு மேல் வரும், ஆளை வீட்டுக்கு வெளியேதான் படுக்க வைக்க வேணும். எல்லாவற்றையும் ஒரே 1/144இல் செய்தால் ஒன்றை ஒன்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எது எவ்வளவு சின்னது என்று பிள்ளைக்கு ஒரு வார்த்தையும் சொல்லாமலே விளங்கும்.

முதல் கிட் ஸ்வெஸ்டா கம்பெனியின் போயிங் 787-9. அதை ஏர் நியூசிலாந்தின் கறுப்பு விமானமாய்ச் செய்தோம். உலகத்தில் 787-9 முதலில் கையளிக்கப்பட்டது ஏர் நியூசிலாந்துக்குத்தான், 2014இல். முழுக்கக் கறுப்புப் பூசிய அந்த விமானத்தை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மாடல் 44 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. பளபளக்கிற கறுப்பில் ஒவ்வொரு விரல் அடையாளமும் தெரியும் என்பதை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை எப்படிப் போகும்? பெட்டியைத் திறந்தால் சட்டத்தோடு சேர்ந்த துண்டுகள் வரும். சின்னக் கட்டரால் வெட்டி எடுத்து, வெட்டின இடத்தை சாண்ட் பேப்பரால் தேய்க்க வேணும். ஒட்டுகிற திரவம் உண்மையில் பசை மாதிரி வேலை செய்கிறதில்லை. இரண்டு பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் கரைத்து ஒன்றாக்கிவிடுகிறது. அதனால் ஒரு துளி போதும், ஆனால் யன்னலைத் திறந்து வைக்க வேணும். உடம்பின் இரண்டு பாதியையும் மூடுகிறதுக்கு முன்னம் மூக்குக்குள் பாரம் வைக்க மறக்கக்கூடாது. பயணிகள் விமானத்தின் பெரிய சில்லுகள் நடுவில் இருக்கிறதால், பாரம் இல்லாவிட்டால் மாடல் வாலில் குந்திவிடும். மீன்பிடிக் கடையில் விற்கிற ஈயக் குண்டைப் பலர் வைப்பார்கள். பிள்ளைகளோடு செய்கிறபோது இரும்பு நட்டுகளே நல்லது. மூடின பிறகு வருகிற கோட்டை புட்டி வைத்து நிரப்பித் தேய்க்கிறதுக்குத்தான் அதிக நேரம். கடைசியில் டெக்கல்: எழுத்தும் யன்னலும் அச்சடித்த மெல்லிய படலம். இளஞ்சூட்டுத் தண்ணியில் நனைத்து, தாளில் இருந்து வழுக்கி மாடலுக்கு மேல் விட வேணும். எங்கட வீட்டில் அந்த வேலை முழுக்க மகளுடையது. அவளுடைய விரல்தான் சின்னது.

அப்பா முதலில் தூரத்தில் இருந்து பார்த்தார். பிறகு கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். அவர் ஊரில் ரேடியோ திருத்தினவர். எழுபது தாண்டியும் கை நடுங்காது. மகளும் அவரும் கதைத்துக்கொண்டு வேலை செய்ததில் எங்களுக்குத் தெரியாமலே ஒன்று நடந்தது. தமிழ்ப் பள்ளியில் அவள் படித்தது இறக்கை, சக்கரம், சன்னல். அப்பப்பாவின் வாயில் வந்தது செட்டை, சில்லு, யன்னல். "அப்பப்பா, இடது செட்டை காய்ஞ்சிட்டுது" என்று அவள் சொன்ன அன்றைக்கு நான் குசினிக்குள் நின்று சிரித்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பைக் குறை சொல்லவில்லை, அது வேணும். ஆனால் இரண்டு மணித்தியாலம் ஒரே மேசையில், கையில் வேலையோடு, ஒருவரை ஒருவர் முகத்தைப் பார்க்காமல் கதைக்கிற தமிழ் வேறு.

முதலாவது முடிய, அடுத்தது என்ன என்ற கேள்வி வந்தது. "நாங்க வந்த பிளேன் செய்வமா?" என்றேன். அப்பா பழைய பெட்டியில் இருந்து டிக்கெட் எடுத்து வந்தார். சிவப்புக் காபன் பூசின அந்தக் காலத்துத் தாள். சிங்கப்பூர் – ஆக்லாந்து, 1988. ஏர் நியூசிலாந்து. என்ன விமானம் என்று அதில் இல்லை. ஆனால் அப்பாவுக்கு ஒரு ஞாபகம்: உள்ளே ஏணிப்படி ஒன்று மேல் மாடிக்குப் போனது. அப்படியென்றால் 747. அந்தக் காலத்தில் ஏர் நியூசிலாந்திடம் 747-200 ஐந்து இருந்தன. ஐந்துக்கும் வைத்த பெயர்கள் ஆஓத்தேயா, தைனுயி, தாக்கித்திமு, தே அராவா, தொக்கோமாரு. எல்லாம் மவோரி மக்களின் முன்னோர் கடல் கடந்து வந்த தோணிகளின் பெயர்கள். மகளுக்கு இதைப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், எனக்குத்தான் புதுசு. ஐந்தில் எது என்று கண்டுபிடிக்க வழியில்லாததால் அவளே தைனுயியைத் தெரிந்தாள். தைனுயித் தோணியை இழுத்துக்கொண்டு தரை தாண்டினதாகச் சொல்லும் இடம் ஒட்டாஹுஹு. புக்கெகோஹியில் இருந்து நகரத்துக்குப் போகிற ரயில் அங்கேயும் நிற்கும்.

747 கிட் வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஏர் நியூசிலாந்தின் 747-200களுக்கு ரோல்ஸ் ராய்ஸ் எஞ்சின். கிட்களில் பெரும்பாலும் வருகிறது அமெரிக்க எஞ்சின். உறையின் வடிவம் வேறு. ஒன்றோ எஞ்சினைத் தனியாக வாங்க வேணும், இல்லாவிட்டால் கண்டும் காணாமல் விட வேணும். நாங்கள் விட்டுவிட்டோம். எட்டு வயதுப் பிள்ளையோடு செய்கிறபோது அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் கிட் முடியாது.

இதெல்லாம் சந்தோசமான பகுதி. அவ்ரோ வந்தது அதற்குப் பிறகு.

"அப்பப்பா, உங்கட முதல் பிளேன் இந்த ஜம்போவா?" என்று மகள் கேட்டாள். அப்பா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இல்லை. அதுக்கு முந்தி அவ்ரோவில ஒருக்கா போனனான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கட வீட்டில் 'அவ்ரோ' என்ற சொல்லைச் சத்தமாய்ச் சொல்வதில்லை. பொம்மர், ஹெலி, அவ்ரோ, சகடை: இவையெல்லாம் அம்மாவும் அப்பாவும் 80களில் வானத்தைப் பார்த்துக் கற்ற சொற்கள். விமானப்படை அவ்ரோக்களில் இருந்தும் பீப்பாய்க் குண்டுகளை யாழ்ப்பாணத்துக்கு மேல் உருட்டி விட்ட காலம் அது. அவ்ரோ ஒரு பயணிகள் விமானம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

ஹோக்கர் சிட்லி 748 என்பது அதன் பெயர். அவ்ரோ கம்பெனி தொடங்கினதால் ஊரில் அவ்ரோ. 1960இல் முதலில் பறந்தது. இரண்டு ரோல்ஸ் ராய்ஸ் டார்ட் எஞ்சின், கீச்சிடுகிற மாதிரி ஒரு சத்தம். இந்தியாவிலும் கான்பூரில் உரிமம் பெற்றுக் கட்டினார்கள். இலங்கையில் ஏர் சிலோன் இதைத்தான் இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில் ஓட்டியது. அந்தக் கம்பெனியின் முதல் பறப்பே எங்கட பக்கம்தான்: 1947 டிசம்பர் 10, ஒரு டகோட்டா, இரத்மலானையில் இருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. விமானத்தின் பெயர் 'சீதா தேவி'.

அப்பா போனது 1976இல். கொழும்பில் ஒரு வேலைக்கு நேர்முகம். கடிதம் பிந்தி வந்தது, நேர்முகம் அடுத்த நாள். யாழ்தேவியில் போனால் நேரத்துக்குப் போக முடியாது. பெரியப்பா காசு குடுத்தார்.

"வேலை கிடைச்சுதா?" என்றாள் மகள்.

"இல்லை. ஆனா பிளேன்ல போனது போனதுதானே."

அவ்ரோவுக்குப் பெரிய கம்பெனிகளின் கிட் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. சின்னத் தயாரிப்பாளர் ஒருவரின் ரெசின் கிட் பிரிட்டனில் இருந்து வந்தது. 748 சின்ன விமானம்: நிஜத்தில் 20.4 மீற்றர், மாடலில் 14 சென்ரிமீற்றர். ரெசின் வேலையைப் பிள்ளைக்கு விடக்கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குக் கூடாது. முகக்கவசம் போட்டு, தண்ணி தொட்டுத் தேய்க்க வேணும். முதலில் சவர்க்காரத் தண்ணியில் கழுவாவிட்டால் பெயின்ற் பிடிக்காது. பிளாஸ்டிக் திரவம் ஒட்டாது, சுப்பர் குளூதான். 748இன் எஞ்சின்கள் செட்டைக்கு மேலே முதுகு மாதிரி உயர்ந்து நிற்கும், அதை நேராக வைக்க எனக்கும் அப்பாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. டெக்கல் கடையில் இல்லை. பழைய படங்களைப் பார்த்துக் கம்பியூட்டரில் வரைந்து, டெக்கல் தாளில் லேசர் பிரின்ரரால் அடித்தேன். பதிவு இலக்கம் 4ஆர்-ஏசிஜே. ஏர் சிலோன் அவ்ரோ என்று தேடினால் அடிக்கடி வருகிற இலக்கம் அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, அப்பா ஒரு கதை சொன்னார். 90களின் தொடக்கம்; நாங்கள் ரொட்டருவாவுக்குப் போயிருக்கிறோம். நியூசிலாந்தில் மவுண்ட் குக் எயர்லைன் 1968இல் இருந்து 90களின் நடுப்பகுதி வரைக்கும் இதே 748களைத்தான் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓட்டியது. அப்பாவுக்கு அது தெரியாது.

"அதே சத்தம். நான் ஒண்டும் யோசிக்கேல்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடினனான். மரம் ஒண்டுக்குக் கீழ போய் உன்ர தலையை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டு பார்த்தால், அது வடிவா இறங்குது. வாலில பூப் படம். சனம் கமராவோட இறங்கி வருது."

எனக்கு அந்த மரமும் ஞாபகம் இல்லை, சத்தமும் ஞாபகம் இல்லை. இத்தனை வருடம் அவர் அதைச் சொன்னதும் இல்லை. நான் "சண்டைக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கோ" என்று கேட்டிருக்கிறேன், பல தரம். "என்னத்தைச் சொல்லுறது" என்று எழும்பிப் போய்விடுவார். எஞ்சின் உறை நேராக நிற்கிறதா என்று கேட்டபோதுதான் வந்தது.

இன்னொன்றும் இருந்தது. மகள் 4ஆர்-ஏசிஜே இப்போது எங்கே என்று தேடினாள். இவளுடைய வழக்கம் அது. கறுப்பு 787 எங்கே பறக்கிறது என்று ஃபிளைட்ராடாரில் பார்த்தே பழகினவள். விடை: 1978 செப்ரெம்பர் 7, இரத்மலானை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த பயணிகள் இறங்கின பிறகு குண்டு வெடித்து எரிந்தது. ஒருவரும் சாகவில்லை.

ஒவ்வொரு மாடலுக்கும் கீழே அவள் தமிழில் ஒரு சின்ன அட்டை எழுதி வைப்பாள். "அவ்ரோ 748. ஏர் சிலோன். பலாலி – இரத்மலானை. அப்பப்பா 1976இல் போனார். 1978இல் குண்டு வைத்தார்கள்." எழுதிவிட்டு நிமிர்ந்து, "வைத்தார்கள் எண்டால் ஆர்?" என்று கேட்டாள்.

நான் வேறு கதைக்கு மாற்றத்தான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார். "எங்கட பெடியள். அதையும் எழுது. பிறகு உதே மாதிரி அவ்ரோவில இருந்து ஆமி எங்களுக்கு மேல குண்டு போட்டது. அதையும் எழுது."

அட்டையில் இடம் போதவில்லை. பெரிய அட்டை வெட்டினோம்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு இவ்வளவு சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் கேட்டார். எங்கட தலைமுறைக்கு நடந்தது என்ன? வீட்டில் மௌனம், மேடையில் முழக்கம். இரண்டுக்கும் நடுவில் ஆண்டு, இடம், பெயர் என்று ஒன்றும் கையில் கிடைக்கவில்லை. மகள் கேட்டதுக்கு மட்டும் பதில் சொன்னோம், கேட்காததைச் சேர்க்கவில்லை. அன்று இரவு அவள் நித்திரை கொண்டாள். எங்களுக்குத்தான் கொஞ்சம் பிந்தியது.

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படி இருக்கவேண்டிய அவசியம் இல்லை. ஐரோப்பாவில் இருக்கிறவர்களுக்கு: 80களில் ஏரோஃபுளொட்டில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பெர்லினுக்கு வந்து, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கே கடந்த அப்பாக்கள், மாமாக்கள் எத்தனை பேர்! அந்தக் காலத்து இல்யூஷின்-62க்கு ஸ்வெஸ்டாவில் நல்ல கிட் இருக்கு. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஏர் இந்தியாவின் 707, 747 எல்லாம் உண்டு. இன்னும் பின்னால் போக விரும்பினால் 1932: ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியில் இருந்து பம்பாய்க்குக் கொண்டு வந்த தபாலை, நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு போன பஸ் மோத் என்ற குட்டி விமானம். அதை 1/144இல் செய்தால் மிகச் சின்னதாய்த்தான் வரும், 1/72இல் தேடுங்கள்.

தொடங்குகிறவர்களுக்கு என் ஆலோசனை: முதல் கிட் நினைவுக்குரியதாய் இருக்க வேண்டாம். ஒரு A320ஓ 737ஓ வாங்கி, கை பழகட்டும். கத்தி வேலையைப் பத்து வயது வரைக்கும் நீங்களே செய்யுங்கள். ஸ்பிரே பெயின்ற் என்றால் வெளியில், காற்றில்லாத நாளில் (புக்கெகோஹியில் அப்படி நாள் கிடைப்பது அருமை). ஆக்லாந்தில் இருப்பவர்கள் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸில் உள்ள மோட்டாட் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப் போங்கள். டீல் கம்பெனி பசிபிக் தீவுகளுக்கு 1960 வரை ஓட்டிய சொலண்ட் பறக்கும் படகு 'ஆரானுயி' அங்கே நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்த பிறகு மாடலின் அளவு வேறு மாதிரி விளங்கும். முக்கியமாய், அப்பப்பாவோ அம்மம்மாவோ பக்கத்தில் இருந்தால் அவர்களுக்கு ஒரு வேலை குடுங்கள். சும்மா இருத்தி வைத்துக் கேள்வி கேட்டால் ஒன்றும் வராது.

இப்போது மேசையில் இருப்பது ஏடிஆர்-72. பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாய்த் திறந்த பிறகு, சென்னையில் இருந்து அங்கே வருகிற விமானம் இந்த ரகம்தான். இங்கே ஏர் நியூசிலாந்து சின்ன ஊர்களுக்கு ஓட்டுவதும் இதே ரகம். மாடல் 19 சென்ரிமீற்றர் நீளம். அவ்ரோவின் விசிறிக்கு நாலு இதழ், இதுக்கு ஆறு. மகள் எண்ணிப் பார்த்துவிட்டாள். எந்த நிறம் பூசுவது என்று இன்னும் முடிவாகவில்லை. அவளுக்கு ஏர் நியூசிலாந்துக் கறுப்பு வேணும், அப்பாவுக்குப் பலாலிக்குப் போகிறது வேணும். டிசம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் டிக்கெட் என்ன விலை என்று இந்தக் கிழமை அவர் என்னிடம் இரண்டு தரம் கேட்டுவிட்டார்.